அழிப்புப் பட்டியல், வரிசை எண் 217

கடலூர் முதுநகரில்
மல்லாட்டை மூட்டை அடுக்கிய கிடங்கைப்
பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்தபோது
எலிகளையும் சேர்த்தே எடுத்தது.
கொட்டைக்குப் பழகிய பற்கள்
இரண்டே மாதத்தில்
மதிப்பெண் பட்டியலுக்கு மாறிக்கொண்டன.

நான் பதிவறை எழுத்தர்.
கோப்பின் ஆயுள்
அட்டையில் இரண்டெழுத்தில் இருக்கும்.
ஓ.மு. என்றால் ஓராண்டு.
மூ.மு. மூன்று. ப.மு. பத்து.
நி.மு. என்பது நிரந்தரம்.
கனம் அதிகம் என்று
நிரந்தரங்களைக் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம்,
தானே புயலில் உப்பனாறு உள்ளே வந்த இரவு.
ஆட்சிக்குழுத் தீர்மானங்கள்
அப்பளக் கட்டாய் ஒட்டிக்கொண்டன.
மேல்தட்டில்
விடுதி ரசத்தைப் பற்றிய ஒரு புகார்
ஈரம் படாமல் இருந்தது.

இந்த மாசியில் ஆணை வந்தது:
காலம் கடந்தவற்றைக் கழித்துவிடவும்.
குழுவில் மூன்று பேர்.
ஒருவர் பார்த்துக் கையொப்பமிட்டார்,
ஒருவர் தும்மிக்கொண்டே கையொப்பமிட்டார்,
மூன்றாமவருக்குப் பதிலாக
அவர் கையொப்பம் மட்டும் வந்தது.

மூட்டை கட்ட தினக்கூலிக்கு இருவர்.
தனவேல் கட்டுகளின் தலைப்பை வாசித்துச் சிரிப்பான்.
அஞ்சலாட்சி பார்க்காமலே சாக்கில் போடுவார்:
"எழுத்து தெரியாதவளுக்கு
எல்லாம் ஒரே கனந்தாம்மா."

217-இன் நாடா செல்லரித்துப்போய்
அவர் மடியிலேயே அவிழ்ந்தது.
தோட்டப் பிரிவு, தினக்கூலி வருகைப் பட்டியல்,
தொண்ணூற்று மூன்று முதல் தொண்ணூற்றெட்டு வரை.
மூ.மு.
பக்கம் முழுக்க ஊதா ரேகைகள்.
அவர் ஒன்றின்மேல் விரலை ஊன்றினார்.

"இது என் கை."

எப்படித் தெரியும் என்றேன்.
கட்டைவிரலை நீட்டினார்.
கருக்கரிவாள் குறுக்கே போன தழும்பு.
தாளிலும் அதே இடத்தில்
மை ஏறாத ஒரு கோடு,
மாதத்துக்கு இருபத்தாறு முறை.

பணி நிரந்தரம் கேட்டு ஏழு மனு கொடுத்தவர்.
'உரிய ஆவணம் தேடியும் கிடைக்கவில்லை' என்று
ஏழுக்கும் பதில் போனது.
அதில் இரண்டு நான் தட்டச்சு செய்தது.
தேடியும் என்று அடித்தேன்.
தேடவில்லை.
என் நாற்காலிக்கு நாலடி பின்னால்
இது கிடந்திருக்கிறது.

பட்டியலில் ஏறியதை இறக்க
எனக்கு அதிகாரம் இல்லை.
விதியில் ஒரு சந்து இருந்தது:
தகவல் கேட்ட மனு நிலுவையில் இருந்தால்
அந்தக் கோப்பை அழிக்கக் கூடாது.
வெள்ளைத்தாள் ஒன்று.
பத்து ரூபாய் வில்லை,
மகளின் சாதிச் சான்றிதழுக்கு வாங்கி
கைப்பையில் வைத்திருந்தது.
அவர் சொல்லி நான் எழுதவில்லை.
நானே சொல்லி நானே எழுதினேன்.
எனக்கு எதிராக
இவ்வளவு நல்ல கையெழுத்தில்
இதற்குமுன் நான் எழுதியதில்லை.
அவர் ரேகை வைத்தார்.
கோடு மறுபடி வெள்ளையாய் விழுந்தது.

தபால் பிரிவு மெகருன்னிசா மனுவைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
முத்திரையில் ஒரு தடவை ஊதிவிட்டு அடித்தாள்.
மணி மூன்று பத்து.
மூன்று நாற்பதுக்கு லாரி வந்தது.

எடை பார்த்த ஒப்பந்தக்காரர்
நாலு கிலோ குறைகிறதே என்றார்.
அழித்தவற்றுக்கு ஒரு பதிவேடு உண்டு.
அது மட்டும் நி.மு.
அதில் எழுதினேன்:
வ.எண் 217, நிறுத்தி வைக்கப்பட்டது.
காரணம் கேட்கும் கட்டம் சின்னது,
மனு எண் மட்டும்தான் கொள்ளும்.

சாயங்காலம் அன்றைய கூலிக்குப் பட்டியலை நீட்டினேன்.
அஞ்சலாட்சி விரலை மையில் வைத்துவிட்டு
தாளுக்குமேல் நிறுத்தினார்.
"இத எத்தினி வருசம் வச்சிருப்பீங்க?"

மூன்று, என்றேன்.

ரேகை வைத்தார்.
விரலைச் சாக்கில் துடைத்தார்.
"அப்ப இன்னிக்குத் தேதிய
ஒரு சீட்டுல எழுதி
எங்கிட்டயும் ஒண்ணு குடு."